தைக்காத தையல் மெஷின்

காலை பத்தரை மணிக்குள் மூன்று பேர் வந்தாயிற்று, மூன்று பேரும் கேட்பது சம்பூரணத்தை. நீங்கள் மூன்றாவது. கேட்டில் நின்று பேச வேண்டாம் அம்மா, உள்ளே வாருங்கள். பையை அந்தப் பக்கம் வையுங்கள், ஜன்னலுக்கு நேராக வேண்டாம். எதிர்வீட்டில் ஆள் நிற்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள். தண்ணீர் குடியுங்கள்.

சம்பூரணம் என் மனைவி. இப்போது வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறாள் என்று சொல்கிறேன், சொல்லாமல் அனுப்ப மாட்டேன். நீங்கள் பஸ் ஸ்டாப்பில் எப்படி விசாரித்தீர்கள்? 'தாசில்தார் வீட்டம்மா தைக்கிற இடம்' என்றுதானே? எல்லோரும் அப்படித்தான் விசாரிக்கிறார்கள். நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஜனங்கள் 'துணை'யை விட்டுவிடுவார்கள். நானும் திருத்துவதில்லை, ஒவ்வொருவரிடமும் எங்கே திருத்திக்கொண்டிருப்பது? இந்தக் கரூர் மாவட்டத்தில் நான் வேலை பார்க்காத தாலுகா இல்லை. அந்தப் பெயர் இன்றைக்கு ஒரு தையல் கடைக்கு வழி சொல்லப் பயன்படுகிறது. சிரிக்க வேண்டுமானால் சிரியுங்கள். இந்தக் காலனியில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

பையில் என்ன, பழைய சேலைகளா? மகளுக்கு மாதம் ஆகிவிட்டதா? நல்லது. பழைய நூல் சேலையில் போட்டால்தான் குழந்தைக்கு உறுத்தாது என்று சம்பூரணமும் சொல்வாள். துண்டுகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைக்கிற போர்வை. குயில்ட் என்கிறார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

தையலைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைக்கிறவர்கள் தைக்கட்டும். ஓர் அதிகாரியின் வீட்டில் தைப்பது வேறு விஷயம், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு அவள் அப்பா ஒரு தையல் மெஷின் கொடுத்தார். கறுப்பு, காலால் மிதிப்பது. அது ஹாலில் இந்த மூலையில் இருந்தது. நான் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது அதன் மேல் பூப்போட்ட விரிப்பு இருக்கும். விரிப்பின் மேல் நான் கலெக்டர் கையால் நற்சான்றிதழ் வாங்குகிற போட்டோ இருக்கும். இத்தனை வருடமும் அப்படித்தான் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அதை மேஜை என்றே நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சம்பூரணம் வந்தாள். போட்டோவை எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். விரிப்பை மடித்தாள். மூடியைத் திறந்தாள், உட்கார்ந்தாள், மிதித்தாள். ஒரு மணி நேரத்துக்குள் கேட்டில் இரண்டு பெண்கள். "அக்கா, ஜாக்கெட்டு ஆச்சுங்களா?" என்னைப் பார்த்ததும் ஒருத்தி செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடினாள்.

"எத்தனை நாளாக இது?" என்றேன்.

"நீங்க குளித்தலை ஆபீசுக்குப் போய்ட்டிருந்தப்ப ஆரம்பிச்சதுங்க" என்றாள். குளித்தலையில் நான் இருந்தது என் மகன் பிறந்த சமயம். அவனுக்கே இப்போது பிள்ளை இருக்கிறது.

பேப்பரை மடித்து வைத்தேன். கோபக்காரன் இல்லை நான். ஆனால் தை மாதம் ஒரு நாள் பார்க்கில் நடந்துகொண்டிருக்கும்போது பாலுசாமி கேட்டார். இந்த எதிர்வீட்டுக்காரர்தான், மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்தவர். ஏழெட்டுப் பேர் கூட வந்துகொண்டிருந்தார்கள்.

"என்னங்க நாச்சிமுத்து, உங்க ஊட்டுல மில்லு ஓடுதாட்ட இருக்குது? மூணு ஷிப்டுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் சொன்னார்: "பென்ஷன் பத்தலியாட்ட இருக்குது, பாவம்." அந்தப் 'பாவம்' இருக்கிறதே அம்மா, அது என் காதில் இன்னும் இருக்கிறது. என்னைப் பார்த்து யாரும் பாவம் என்று சொன்னதில்லை. என் மேஜைக்கு முன்னால் நின்றவர்களைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

அன்றைக்கே சம்பூரணத்திடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சத்தந்தானுங்களே உங்களுக்குச் சங்கட்டம்? அது பழைய மிசினு, பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. புதுசு ஒண்ணு எடுத்துக் குடுங்க. எனக்கும் இப்ப வேணும்."

இப்ப எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் திலகவதி என்று ஒரு பெண் மேனேஜர். அவர் சித்தி இந்தத் தெருவில் இருக்கிறார். சம்பூரணம் தைத்துக் கொடுத்த போர்வையை அங்கே பார்த்துவிட்டு, ஆனிக்குள் ஆறு போர்வை மாதிரிக்குத் தைத்துக் கொடுங்கள், வெளிநாட்டுக்காரனுக்குப் பிடித்தால் தொடர்ந்து வேலை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "போர்வை ஓரத்துல தைச்சவங்க பேரும் போடுவாங்களாமுங்க" என்றாள் சம்பூரணம். அதைச் சொல்லும்போது அரிசி களைவதை நிறுத்திவிட்டாள்.

வாங்கித் தருகிறேன் என்றேன். நான் தரமாட்டேன் என்று சொன்னதில்லை. அதைக் கவனியுங்கள்.

மாசி மாதம் ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. ஒரு சின்னப் பெண் வந்து கேட்டாள்: "என்னம்மா தைப்பீங்க? வீட்டுத் தையலா, குயில்ட்டா, எம்பிராய்டரியா? மூணும் செய்யற மிசின் இருக்குதுங்க, ஆனா கெட்டித் துணி தொடர்ந்து குடுத்தா அது தாங்காது. எந்த வேலை அதிகமோ அதுக்குத் தகுந்த மாதிரி எடுங்க."

சம்பூரணம் கைப்பையைத் திறந்தாள். பஞ்சு வைத்து மூன்றடுக்காகத் தைத்த துண்டு ஒன்று, ஜீன்ஸ் துணி ஒன்று, பட்டுத் துண்டு ஒன்று. வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். ஒவ்வொரு மெஷினிலும் அந்த மூன்றையும் கொடுத்துப் பார்த்தாள். ஊசி ஏறுகிற இடத்தில் விரலால் தடவிப் பார்த்தாள். துணியைத் திருப்பி அடித்தையல் பார்த்தாள். அந்தப் பெண்ணும் அவளும் பாபின், ஃபுட், டென்ஷன் என்று ஏதோ பேசிக்கொண்டே போனார்கள்.

எனக்கு ஒரே ஒரு சோதனைதான். நான் வெளியே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நடைபாதையில் நின்றேன். உள்ளே ஒவ்வொரு மெஷினாக ஓட்டச் சொன்னேன். ஓட்டிவிட்டு அந்தப் பெண் கையைக் காதில் வைத்து 'கேக்குதுங்களா?' என்று சைகை செய்வாள். கேட்டால் நான் வேண்டாம் என்று தலையாட்டுவேன். பக்கத்தில் கரும்புச்சாறு பிழிகிறவன், "சார், கொஞ்சம் தள்ளி நின்னு தலையாட்டுங்க, ஆளுங்க என்ற சாறு வேண்டாங்கறீங்கன்னு நெனச்சுட்டுப் போறாங்க" என்றான். அவனிடம் சாறு மெஷினை நிறுத்தச் சொன்னேன். சத்தம் போடுகிறவனுக்கு எப்போதும் வாய் அதிகம்.

முதல் மெஷின் இரும்பு உடம்பு, மோட்டார் வைத்தது. ரோட்டில் லாரி போகும்போதுகூடக் கேட்டது. இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவது வெள்ளையாக, ஆஸ்பத்திரி சாமான் போல இருந்தது. அதை ஓட்டியதே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் காதில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள், நான் இன்னும் எப்போது ஓட்டப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே போனேன். சம்பூரணம் முதல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் எப்படி இருந்தது தெரியுமா? பெண் பார்க்கப் போன அன்று ஒரு தரம் பார்த்தேன், அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

"இதுதானுங்க. மூணடுக்கையும் அப்படியே கடிச்சு இழுத்துட்டுப் போகுது பாருங்க."

"அது" என்று நான் வெள்ளை மெஷினைக் காட்டினேன்.

ஷோரூம் பெண் பதறிவிட்டாள். "சார், அது எம்பிராய்டரி மட்டுந்தான் போடும். டிசைன் ஏத்திவிட்டா அதுவே போட்டுக்கும். ஆனா தைக்காது சார். ஒரு ஜாக்கெட்டுகூட மூட்ட முடியாது."

"தைக்கவே தைக்காதா?"

"தைக்காதுங்க சார்."

எனக்குச் சொல்லி வைத்த மாதிரி இருந்தது அம்மா. எம்பிராய்டரி கௌரவமான விஷயம். எங்கள் கலெக்டர் ஒருவரின் மனைவி போடுவார். யாரும் வந்து கேட்டில் நின்று ஆச்சுங்களா என்று கேட்க மாட்டார்கள். சத்தமும் இல்லை. அதையே போடுங்கள் என்று சொன்னேன். சம்பூரணம் மூன்று துண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"மிசினு இவருக்குத்தானே கண்ணு. இவருக்குப் புடிச்சதே குடுத்துரு."

பார்த்தீர்களா, கடையில் நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் குணம் அவளிடம் உண்டு. பழைய மெஷினை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. அதையும் நானே பேசி முடித்தேன். மறுநாள் ஆள் வந்து தூக்கிப் போனபோது அவள் சமையலறையில் வேலையாக இருந்தாள். போட்டோவுக்குத்தான் இடம் இல்லாமல் போயிற்று. இப்போது அந்த ஸ்டூல் மேல் இருக்கிறது, பாருங்கள்.

அதற்கப்புறம் வீடு அமைதி. மயில், ரோஜா, அன்னம் என்று மெஷின் தானாகப் போட்டது. அவள் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மத்தியானங்களில் பின்னறையில் உட்கார்ந்து ஏதோ பெரிய துணியைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். கைத்தையலுக்குச் சத்தம் கிடையாது, ஆகவே நான் தடுக்கவில்லை. விரல் நுனியில் துணி சுற்றியிருந்தது. சமையலில் பட்டிருக்கும்.

பங்குனியில் அந்தத் திலகவதி அம்மாள் காரில் வந்து இறங்கினார். கேட்டில் நின்று, "சம்பூரணம்மா வீடுங்களா? சாம்பிள் எந்த அளவுல இருக்குன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். கொஞ்சம் உரக்கப் பேசுகிற பெண். எதிர்வீட்டில் பாலுசாமி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

நான் கேட்டைத் திறக்காமலே சொன்னேன்: "இங்கே யாரும் தைப்பதில்லை."

அவ்வளவுதான் சொன்னேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை கிடையாது. திரும்பினால் சம்பூரணம் ஹாலில் நிற்கிறாள், கையில் பாதி முடிந்த போர்வை. ஊசி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். போர்வையை மடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். வெயிலில் நின்ற அந்தப் பெண்ணை எதிர்வீட்டு கோகிலா, பாலுசாமியின் மனைவி, "ஏனுங்க, இங்க வாங்க, வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

சித்திரையிலிருந்து சம்பூரணம் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். தினமும் காலையில் சமைத்து வைத்துவிட்டுப் பின்பக்கச் சந்து வழியாகக் கிளம்புவாள், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. வயதுக்கு ஏற்ற மாதிரி இருக்கிறாளே என்று. வரும்போது சில நாள் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். கோயில் இலவ மரம் வெடித்திருக்கும் என்று நானே எடுத்துவிட்டிருக்கிறேன். சாயங்காலம் எம்பிராய்டரி மெஷினில் வெள்ளை நாடாவைக் கொடுத்து எழுத்து போடுவாள். ஒரே பெயர், அவள் பெயர், நாடா முழுக்க வரிசையாக. ப. சம்பூரணம், ப. சம்பூரணம். இனிஷியல் அவள் அப்பாவுடையது. எழுத்துப் பழகுகிறாள் போலிருக்கிறது, என் இனிஷியலும் போகப் போக வரும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் வைகாசியில் எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. அவர்கள் கார் ஷெட்டுக்குள்ளிருந்து. மகன் காரை எடுத்துப் போனபின் ஷெட் காலியாகத்தான் கிடந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஷோரூமுக்கு வெளியே நின்று கேட்டேனே, அந்த முதல் மெஷின். சந்தேகமே இல்லை. கோகிலா வாங்கியிருக்கிறாள். நம் வீட்டில் வெள்ளை மெஷின் வந்ததைப் பார்த்து வயிற்றெரிச்சல் என்று முடிவு செய்தேன். உள்ளூர எனக்குச் சந்தோஷம். அதை மறைக்கவில்லை. சம்பூரணத்திடம்கூடச் சொன்னேன், "கேட்டாயா, எதிர்வீட்டு லட்சணத்தை" என்று. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆனி மாதம் வரைக்கும் பொறுத்தேன். நல்ல கூட்டம் சேரட்டும் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் காலனி சங்கத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் கேட்டேன்:

"என்னங்க பாலுசாமி, உங்க ஊட்டுல மில்லு ஓடுதாட்ட இருக்குது? மூணு ஷிப்டுங்களா?"

சிரித்தார்கள் அம்மா. அப்படிச் சிரித்தார்கள். ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நான் சொன்ன எதற்கும் அத்தனை சிரிப்பு வந்ததில்லை. பாலுசாமி மட்டும் சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து, "வாங்க, அப்படி நடப்போம்" என்று வேப்ப மரத்துப் பக்கம் கூட்டிப் போனார்.

"நாச்சிமுத்து, ஓட்டறது உங்க ஊட்டம்மாதானுங்க. கோகிலாவும் அவியளும் கூட்டாச் சேர்ந்து பண்றாங்க. உங்களுக்குத் தெரியும்னில்ல நெனச்சுட்டு இருந்தேன்."

அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்திருந்தால் நான் எதிரி என்று வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பேன். முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டே பார்க் கேட் வரைக்கும் வந்தார், நான் விழுந்துவிடுவேன் என்பது போல.

வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம், முந்தானையில் ஒரு நூல். இலை போட்டாள்.

"கோயிலை எதிர்வீட்டு ஷெட்டில் கட்டியிருக்கிறார்களா?" என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "சத்தம் கேக்குதுங்களா?"

"கேட்கிறது."

"அங்கிருந்து கேட்டா அது அவிய மில்லுங்க. உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"

நான் இந்த வீட்டு மானம் என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பேச விட்டாள். முழுக்கப் பேச விட்டாள். முடித்ததும் சொன்னாள்: "அன்னிக்கு கேட்டுல நின்னு அந்தம்மாகிட்டச் சொன்னீங்க, இங்க யாரும் தைக்கறதில்லைன்னு. அதுக்கப்புறம் இந்த ஊட்டுக்குள்ள ஒரு தையல் நான் போடலீங்க. கையில எடுத்ததைக்கூட அப்படியே மடிச்சு வெச்சுட்டேன். உங்க பேச்ச நான் பொய்யாக்கலையே. மோர் ஊத்தட்டுமுங்களா?"

மோர் ஊற்றிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

ஆறு போர்வையும் அந்த ஷெட்டில் முடிந்து போய்ச் சேர்ந்துவிட்டது, ஓரத்தில் அந்த நாடாவோடு. வெளிநாட்டுக்காரனுக்குப் பிடித்துவிட்டதாம். என் வீட்டில், என் கண் முன்னால், நான் சத்தமில்லை என்று பார்த்து வாங்கிய மெஷினில் போட்ட நாடா. பாலுசாமி இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் வெளியே வந்தால் நான் உள்ளே வந்துவிடுகிறேன். பார்க்குக்குப் போவதில்லை.

இப்போது கேட்கிறதே, இந்தச் சத்தம், விட்டு விட்டு, அழுத்தமாக. அது கெட்டித் துணி. கொஞ்ச நேரத்தில் சீராக ஓடும், அப்போது ஓரம் அடிக்கிறாள் என்று அர்த்தம். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லாம் கேட்கும். ஜன்னலைச் சாத்தினால் சரியாகக் கேட்பதில்லை.

நான் கூட வர முடியாது அம்மா. நேர் எதிரே, இருபதடி ரோடுதான். ஷட்டர் பாதி ஏற்றியிருக்கும், குனிந்து போங்கள். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். பையை மறந்துவிடாதீர்கள். இப்போது ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் பரவாயில்லை, எப்படியும் அங்கேதானே போகிறது.

நீங்கள் எம்பிராய்டரியும் கேட்டீர்களே, குழந்தைக்கு மயில் வேண்டும் என்று? அதுவும் அங்கேதான். பெயர் போடுகிற வேலை அதிகமாகிவிட்டது, வெள்ளை மெஷின் பக்கத்தில் இருந்தால் சௌகரியம் என்று சம்பூரணம் என்னிடம் கேட்டாள். கேட்டுத்தான் எடுத்தாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி, ஆடிப்பெருக்கு அன்று காலை அதை எடுத்துப் போனார்கள். எங்கள் கேட் வரை ஒரு பக்கம் நான் பிடித்தேன். கேட்டிலிருந்து பாலுசாமி பிடித்தார்.